சல்லடையில் நடந்த கோமதிநாயகம்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் மாவு மில் வைத்திருக்கும் கோமதிநாயகத்தைப் பார்த்தால் நடக்கிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐம்பத்து நான்கு வயது. முன்னால் ஒரு தொப்பை, அதன் மேல் இரண்டு கைகளையும் கட்டி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஆனால் போன வருஷம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பம்பாய்த் தமிழர்களில் அவரைப்போல் நடந்தவர் ஒருவரும் இல்லை என்று அறுபது பேருக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. சொன்னவர் முப்பது வருஷமாக மிளகாய்த்தூளில் செங்கல் பொடி கலக்காத மனுஷன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கதை சர்க்கரையில் தொடங்கியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "மாத்திரை நான் தருவேன், நடக்க வேண்டியது நீங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் சத்துமாவு அரைக்க வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். பதினேழு தானியத்தையும் தானே வறுத்துக்கொண்டு வந்து, மில் ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். அவரிடம் கோமதிநாயகம் சர்க்கரைச் செய்தியைச் சொன்னார்.

"மாத்திரை பாதி, கால் பாதி அண்ணாச்சி. இன்னிக்கே எங்க குரூப்ல சேந்துடுங்கோ. தினம் பத்தாயிரம் ஸ்டெப், பத்துப் பக்கம். எவ்வளவு நடந்தேள், என்ன படிச்சேள்னு ஒம்பது மணிக்குள்ள போட்டுடணும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஏதாவது மலை ஏறுவோம். அவ்வளவுதான், வேற ஃபீஸ் கீஸ் ஒண்ணும் கிடையாது" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

குரூப்பின் பெயர் 'பத்தும் பத்தும்'. மாட்டுங்காக்காரர்கள், செம்பூர்க்காரர்கள், கல்யாணிலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கோமதிநாயகம் புது பூட்ஸ் வாங்கிக்கொண்டு நாலு நாள் ஒழுங்காக நடந்தார். முதல் நாள் லேபர் கேம்ப் வரை போய்த் திரும்பினார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. செம்பூரில் பேரன் எடுத்துவிட்ட ஒரு அம்மாள் அன்றைக்குப் பன்னிரண்டாயிரம் போட்டிருந்தாள். இவர் எண்ணுக்குக் கீழே, "ஆரம்பம்தானே அண்ணாச்சி, போகப் போகச் சரியாயிடும்" என்று ஆறு பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். தெருவில் நாலு பேர் வழக்குத் தீர்க்கக் கூப்பிடுகிற அண்ணாச்சிக்கு, பரீட்சையில் தவறிய பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஆறுதல் சொன்னது பொறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் தீபாவளி வேலை. முறுக்கு மாவும் கடலை மாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மில்லுக்குள் வெக்கை. சட்டையைக் கழற்றி, மாவு சலிக்கிற மெஷினின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்த மெஷின் பெரிய சல்லடைப் பெட்டி. மோட்டாரைப் போட்டால் தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ஸ்டெப்.

ஒரு நிமிஷம் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அப்புறம் சல்லடையைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. யோசிக்காமல் அதைக் குரூப்பில் போட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் போட்டார். ஒரு தடவைதானே என்று யோசித்தார்.

வந்தது பாருங்கள் கைதட்டல்! தீபாவளிச் சரம் மாதிரி பத்து நிமிஷம் ஓயவில்லை. "மில் வேலைக்கு நடுவுல இது எப்படி அண்ணாச்சி?" என்று கல்யாணிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். "மனசு வச்சா முடியும்" என்று இவர் பதில் போட்டார். அந்தப் பதிலைப் போட்ட பிறகு மறுநாள் நாலாயிரத்துக்கு இறங்க முடியுமா? முதல் கோணல் முற்றும் கோணல்.

அதற்குப் பிறகு அவருடைய நடை ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலை ஐந்தரைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவார். நேராக மில்லுக்கு வருவார். போனை ஒரு துணிப்பையில் போட்டுச் சல்லடைப் பெட்டியின் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டுவார். மோட்டாரைப் போடுவார். போன் நடக்க ஆரம்பிக்கும். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பார்.

படிப்பில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்பு முடித்து ரயில் ஏறியவர், அதற்கப்புறம் தினத்தாளைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. வேங்கடசுப்ரமணியன் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் மலை ஏறினவர்கள், கடல் கடந்தவர்கள், பாலைவனத்தில் வழி தவறினவர்கள் பற்றியவை. கோமதிநாயகம் அவற்றில் கிறங்கிப்போனார். பத்துப் பக்கம் என்று தொடங்கி முப்பது பக்கம் போவார். புத்தகத்தில் ஒருவன் பனிமலையில் ஓர் அடிக்கு நாலு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். இவர் ஃபேனுக்கு அடியில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு அவனுக்காகப் பதறுவார். படித்ததை அவர் எழுதிப் போடுகிற நாலு வரிக்காகவே குரூப்பில் பலர் காத்திருந்தார்கள். படிப்பு அசலாக இருந்ததால் நடையும் அசல் என்று ஆகிவிட்டது.

மெஷின் ஓட்டுகிற ரஹ்மத்துல்லாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். இருபது வருஷமாக அங்கே இருப்பவர், புருவம் வரைக்கும் மாவு. ஒரு நாள் துணிப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "சேட், ஆப்கா ஃபோன் தோ பஹுத் தந்துருஸ்த் ஹோ கயா" என்றார். முதலாளியின் போனுக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டதாம். கோமதிநாயகம் கேட்காததுபோல் பக்கத்தைத் திருப்பினார்.

வீட்டில் சொர்ணம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பெண்டாட்டியின் கண் பெண்டாட்டியின் கண்தான். ஒரு நாள் பூட்ஸைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு நடக்கீக. அடி கொஞ்சங்கூடத் தேயலையே?"

"நல்ல கம்பெனிட்டி."

"அப்ப இன்னும் ரெண்டு சோடி வாங்கிப் போட்டுருங்க. நம்ம ஆயுசுக்கும் வரும்லா?"

அவள் சிரித்தாளா, குத்திக் காட்டினாளா என்று அவருக்குப் புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சர்க்கரையை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் அது முன்னைவிட ஏறியிருந்தது. ரிப்போர்ட்டை மடித்து மில் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

இதுவரைக்கும் நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மாரீஸ்வரி வராமல் இருந்திருந்தால் கோமதிநாயகமும் ஒரு நாள் சிரித்துவிட்டு நிறுத்தியிருப்பார்.

மாரீஸ்வரி கார்த்திகையில் குரூப்பில் சேர்ந்தாள். கோவண்டியில் ஒரு அறை வீடு. நாற்பத்தொரு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. செம்பூரில் மூன்று வீடுகளில் சமையல் செய்து மகள் ஸ்ரீதேவியைக் காலேஜில் படிக்க வைக்கிறாள். மூன்று வீடுகளில் ஒன்று வேங்கடசுப்ரமணியனின் தங்கை வீடு, அவர்கள்தான் சேர்த்துவிட்டது. அவளுக்கும் சர்க்கரை. பம்பாயிலேயே பிறந்து முனிசிபல் பள்ளியில் இந்தியில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அதனால் எழுதிப் போடாமல் பேசி அனுப்புவாள்.

அவளுடைய முதல் பேச்சு இதுதான்: "எல்லாருக்கும் வணக்கம். நான் கோவண்டி மாரீஸ்வரி. எனக்கு நடக்கவெல்லாம் டயம் இல்லன்னுதான் நெனச்சேன். அப்புறம் மில்லுக்கார அண்ணாச்சி நம்பரப் பாத்தேன். நாள் பூரா மெஷினு முன்னால நிக்கிற மனுசரே இவ்வளவு நடந்தா எனக்கு என்ன கேடு? நானும் நடக்கேன்."

கோமதிநாயகம் அதை நாலு தடவை போட்டுக் கேட்டார். சொர்ணம்மாளைக் கூப்பிட்டும் கேட்கவைத்தார். அப்போது அவருக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. பின்னால் அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அதிகமாகக் கூசிப்போனார்.

அவள் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஆறாயிரம், எட்டு, பத்து. கோவண்டியிலிருந்து செம்பூருக்கு ஆட்டோவை விட்டு நடந்தாள். வீட்டுக்கு வீடு நடந்தாள். மார்கழி நடுவில் ஒரு நாள் அவள் பதிமூன்றாயிரத்து நூறு. அவர் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். குரூப் முழுக்க அவளைக் கொண்டாடியது. கோமதிநாயகமும் கைதட்டும் படம் போட்டார். போட்டுவிட்டு மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்குச் சலிக்க மாவே இல்லை. வெறும் சல்லடையை ஓடவிட்டார். பதினைந்தாயிரத்து இருபது வந்த பிறகுதான் மோட்டாரை அணைத்தார். ரஹ்மத்துல்லா வெறும் சல்லடை எழுப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

மாரீஸ்வரி அதற்கு மறுநாள் பதினைந்தாயிரத்து நூறு போட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் அவளிடமிருந்து அவருக்குத் தனியாக ஒரு பேச்சு வந்தது. "அண்ணாச்சி, வலது பாதத்துல ஓரமா சுள்ளுன்னு ஒரு வலி. ராத்திரிதான் ஜாஸ்தி. உங்களுக்கு முதல்ல இப்படி இருந்துச்சா?"

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "டாக்டரைப் பார், நடையை விடு" என்று நாலு வார்த்தை போதும். ஆனால் பதினைந்தாயிரம் நடக்கிற மனுஷன், தனக்கு அப்படி ஒன்றும் வந்ததில்லை என்றா சொல்வார்? "ஆரம்பத்துல எல்லாருக்கும் வாரதுதான்மா. சுடுதண்ணில உப்பு போட்டுக் கால வச்சு எடு. நடைய மட்டும் விட்டுறாத" என்று சொல்லி அனுப்பினார். "சரி அண்ணாச்சி" என்று பதில் வந்தது.

தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று மாதமாக மில்லில் கூட்டம், சொந்தத்தில் கல்யாணம், வயிற்றுக் கடுப்பு என்று சொல்லித் தப்பித்தவருக்கு இந்தத் தடவை சாக்கு கிடைக்கவில்லை. "அண்ணாச்சிதான் காப்டன்" என்று வேங்கடசுப்ரமணியன் அறிவித்துவிட்டார். தாதரில் கர்ஜத் வண்டி ஏறினார்கள், இருபத்திரண்டு பேர். கர்ஜத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கி, ஜீப்பில் அடிவாரம் போனார்கள். சின்னக் கோட்டை மலைதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடி ஏறுகிற மலை.

முதல் ஏற்றத்திலேயே கோமதிநாயகத்துக்கு மூச்சு முட்டியது. காதுக்குள் மோட்டார் ஓடியது. நெஞ்சு வலிக்கிறதா, பயம் வலிக்கிறதா என்று தெரியவில்லை. மற்றவர்கள் மேலே போகப் போக, இவர் ஒரு பாறையில் கை வைத்து நின்று, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். மேலே இருந்து வேங்கடசுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தேளா! நெனச்சா நம்மளையெல்லாம் விட்டுட்டு ஓடிடுவார். பின்னாடி வர்றவாளுக்காக நிக்கறார். இதான் காப்டன்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

பின்னால் வந்துகொண்டிருந்தவள் ஒருத்திதான். மாரீஸ்வரி, மகளுடைய சுடிதாரும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, வலது காலை ஓரமாக வைத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. வேங்கடசுப்ரமணியன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"ஐயோ அண்ணாச்சி, எனக்காண்டியா நிக்கீக?" என்றாள். "என்னால நீங்க பிந்த வேண்டாம். முன்னால போங்க. நான் வந்துருவேன்."

அவர் கையை ஆட்டினார். உட்காரு என்று சொல்ல நினைத்தார். வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. அவள் அதை 'நீ போம்மா, நான் உனக்குப் பின்னால் வருகிறேன்' என்று எடுத்துக்கொண்டாள். ஒரு பெரிய மனுஷனைக் காக்கவைக்கிறோமே என்கிற வெட்கத்தில் அவரைத் தாண்டி வேகமாக ஏற ஆரம்பித்தாள். கிட்டத்தட்ட ஓடினாள். வெட்டிய கற்படிகள் தொடங்குகிற இடத்தில் வலது காலை ஊன்றினாள். ஊன்றின கால் அவளைத் தாங்கவில்லை. அம்மா என்று ஒரே சத்தம், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கோமதிநாயகத்தை யாரும் தூக்கச் சொல்லவில்லை. அவருக்கு முகம் நீலம் பாரித்திருந்தது. பாவம், அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை என்றார்கள். அவர் மாரீஸ்வரியின் கைப்பையை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினார். பைக்குள் எலுமிச்சை சாதமும், அவர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்த ஒரு புத்தகமும் இருந்தன. நாற்பத்தேழாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை மடித்து அடையாளம் வைத்திருந்தாள்.

பாதத்து எலும்பில் பல வாரமாகவே விரிசல் இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விரிசலோடு நடந்து நடந்து அன்றைக்கு முழுதாக ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. சர்க்கரை இருப்பதால் கூடவும் ஆகலாம்.

மூன்று நாள் கழித்து கோமதிநாயகம் கோவண்டிக்குப் போனார். குறுகின சந்தில் நாலாவது வீடு. ஸ்ரீதேவி கதவைத் திறந்தாள். பதினெட்டு வயதுப் பெண், வார்த்தைக்கு வார்த்தை இந்தி. "ஆயியே அங்கிள், உக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டாள். "மம்மிய நீங்களே கேளுங்க. டெய்லி உங்க நம்பர் வந்த பின்னாடிதான் சாப்புடும். மம்மிது கம்மியா இருந்துச்சுன்னா தட்ட மூடி வச்சிட்டு கல்லியில போயி சுத்தும். எவ்ளோ சொன்னேன், சுனா ஹி நஹீ, கேக்கவே இல்ல."

"வாய மூடுட்டி. தண்ணி வந்துருச்சு பாரு, போய்ப் புடி" என்று மாரீஸ்வரி அவளை விரட்டினாள். குடங்களை எடுத்துக்கொண்டு பெண் வெளியே போனாள்.

கோமதிநாயகத்துக்குத் தலை நிமிரவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு ஒருத்தி சந்தில் சுற்றியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து கைதட்டல்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

மாரீஸ்வரி கட்டிலில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தாள். "உங்க பேரக் கெடுத்துட்டேன் அண்ணாச்சி. காப்டனா வந்த மொத நாளே என்னத் தூக்கிட்டு இறங்கும்படி ஆயிட்டு. எனக்கு ஒரே வெக்கமா இருக்கு" என்றாள்.

வெட்கம் அவளுக்காம். அவருக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

"மாரீஸ்வரி, நான் நடக்கலம்மா."

"என்னைக்கு அண்ணாச்சி?"

"என்னைக்குமே."

அவள் சிரித்தாள். "எனக்கு மனசு ஆறட்டும்னு சொல்லுதீக. வேண்டாம்."

அவர் போனை எடுத்தார். நடையை எண்ணுகிற இடத்தைத் திறந்து அவளுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கையை முன்னும் பின்னும் ஆட்டினார். கொஞ்ச நேரம் எண் அசையவில்லை. அப்புறம் ஒரேயடியாகப் பத்து ஏறியது. அதன் பிறகு பன்னிரண்டு, பதினாலு என்று ஏறிக்கொண்டே போனது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவர் நடந்துகொண்டிருந்தார். சல்லடை மெஷினையும் துணிப்பையையும் சொன்னார். ஐந்தரைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனதைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

மாரீஸ்வரி கையை நீட்டிப் போனை வாங்கினாள். தானும் ஆட்டிப் பார்த்தாள். எண் ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு ஒரு நா பதினஞ்சாயிரத்து இருபது போட்டீகளே. அது?"

"அதுவுந்தாம்மா. அன்னைக்குச் சலிக்க மாவு கூட இல்ல. நீ முந்திட்டன்னு வெறுமன ஓட விட்டேன்."

வெளியே குழாயடியில் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் அழுதிருந்தால், வைதிருந்தால், அந்தத் தலையணையை எடுத்து எறிந்திருந்தால் கோமதிநாயகம் வாங்கிக்கொண்டிருப்பார். வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"இன்னைக்கே குரூப்ல எல்லாத்தையும் சொல்லிருதேன். எல்லாரும் காறித் துப்பட்டும்" என்றார். அப்படிச் சொன்னதுமே அவருக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

"சொல்லாதீக."

"ஏம்மா?"

"உங்களுக்குச் சொன்னா பாரம் இறங்கிரும். அப்புறம் நான்?" மாரீஸ்வரியின் குரல் ஏறவே இல்லை. "மூணு வீட்டுல ஒரு வீட்டுல வேற ஆளு வச்சிட்டாவ. மத்த ரெண்டு வீட்டுலயும் போன் பண்ணிக் கேக்காவ. நான் என்ன சொல்லிருக்கேன் தெரியுமா? ஒரு பெரிய மனுசரோட சரிக்குச் சரியா நடந்து கால் போச்சுன்னு சொல்லிருக்கேன். அடேயப்பா மாரீஸ்வரின்னு மரியாதையா கேட்டாவ. சமையக்காரிய யாரும் அப்படிக் கேட்டதில்ல. இப்ப போயி, மாவு சலிக்கிற மெஷினோட பந்தயம் ஓடிக் கால ஒடச்சிக்கிட்டேன்னு சொல்லவா? என் மவளே சிரிப்பா. எனக்குக் கால் போனது போகட்டும் அண்ணாச்சி. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்."

"அப்ப நான் என்னதாம்மா செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இப்படியே இருங்க." வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "மூஞ்சியத் தொடைங்க. அவ வாரா" என்றாள்.

ஸ்ரீதேவி குடங்களோடு உள்ளே வந்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

மறுநாள் கோமதிநாயகம் நடந்தார். காலையில் மில்லுக்குள் நுழையாமல் மாஹிம் பக்கம் போய்த் திரும்பினார். சாயங்காலம் மாட்டுங்கா ஃபைவ் கார்டனுக்குப் போய், நின்று நின்று, உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு சுற்று வந்தார். குதிகாலில் கொப்பளம். முதுகுச் சட்டை ஒட்டிக்கொண்டது. எட்டு மணிக்கு ஒரு பெஞ்சில் சாய்ந்து போனைப் பார்த்தார். ஐயாயிரத்து முந்நூற்று நாலு. அதை அப்படியே குரூப்பில் போட்டார். உண்மையைச் சொல்லத்தான் கூடாது, உண்மையாக நடக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லையே என்று ஒரு நினைப்பு. இனி தினமும் இப்படியே போட்டால், காறித் துப்பாவிட்டாலும், ஆள் இவ்வளவுதான் என்று நாலு பேராவது விட்டுவிடுவார்கள் அல்லவா?

குரூப் பதறிப்போனது. "அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?" "ஐயாயிரமா? நீங்களா?" "டாக்டரைப் பாருங்க." கல்யாண்காரர் தனியாகப் போன் போட்டார். இவர் எடுக்கவில்லை. குரூப்பில் பதில் எழுத ஆரம்பித்தபோது மாரீஸ்வரியின் பேச்சு வந்தது. எல்லாரும் கேட்கும்படி குரூப்பிலேயே அனுப்பியிருந்தாள். அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"யாரும் தப்பா நெனைக்காதீக. அண்ணாச்சி நேத்து எங்க வீட்டுக்கு வந்தாவ. என் காலப் பாத்து அழுதுட்டாவ. அந்த வருத்தத்துலதான் நடை கொறஞ்சிருக்கு. அவுக நல்ல மனுசரு. ரெண்டு நாளுல பழையபடி நடந்துருவாவ. நடக்கணும் அண்ணாச்சி, எங்களுக்கெல்லாம் நீங்கதான் முன்னால."

அதற்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. ஒன்றன் கீழ் ஒன்றாக, நிற்கவே இல்லை. வேங்கடசுப்ரமணியன் எழுதினார்: "நடை யார் வேணும்னாலும் நடக்கலாம். இந்த மனசு யாருக்கு வரும்? அடுத்த மாசம் அண்ணாச்சிக்கு ஒரு பாராட்டு வைக்கிறோம். மாரீஸ்வரி கையாலயே பொன்னாடை."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், வியர்வையில் நனைந்திருந்த கோமதிநாயகத்தைப் பார்த்து, எத்தனை சுற்று என்று இந்தியில் கேட்டார். கோமதிநாயகம் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இரண்டு என்று விரலைக் காட்டினார். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லக்கூட அவருக்குக் கூசியது.